மேல்தளம் திறந்த பஸ்கள்: சீசன் வண்டிகளை நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கூரையில்லாத பஸ்களைச் சீசனுக்குச் சீசன் ஓட்டும் வேலையில் இருப்பதால், ஒவ்வொரு தொடக்கத்திலும் என் தொலைபேசி ஓயாது. புதிதாக இரண்டு வண்டி வாங்கியவர், பழைய டபுள் டெக்கரை வெட்டிவிடலாமா என்று யோசிப்பவர், டிக்கெட் கவுன்டரில் திட்டு வாங்கியவர் என்று ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உரிமம், வரி, காப்பீடு ஆகியவை இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால் அவற்றுக்குள் போகவில்லை.

கூரையை வெட்டி எடுத்த டபுள் டெக்கர்தானே இது? இதில் தனியாக நிர்வகிக்க என்ன இருக்கிறது?

தொடக்கத்தில் டபுள் டெக்கர்கள் எல்லாமே திறந்தவைதான். லண்டனில் 1910இல் வந்த பி வகை பஸ்ஸுக்கும் கூரை கிடையாது. அங்கே மேல்தளத்துக்குக் கூரை போட அனுமதி கிடைத்ததே 1920களின் நடுவில்தான். ஆனால் அந்தக் கால வண்டி கூரை இல்லாமல் நிற்கும்படியே கட்டப்பட்டது. இன்றைய பஸ்ஸின் உடல் மூடிய பெட்டி. கூரையும் அதன் பலத்தில் பங்கு வகிக்கிறது. செருப்புக் கடை அட்டைப்பெட்டியை மூடியோடு முறுக்கிப் பாருங்கள், பிறகு மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். கூரை வெட்டிய பஸ் ஒவ்வொரு குழியிலும் அப்படித்தான் முறுக்கிக்கொள்கிறது. ஆகவே வெட்டியவர் பக்கச் சட்டங்களிலும் குறுக்கிலும் எங்கெங்கே பலம் கொடுத்தார் என்று வரைபடத்தோடு கேளுங்கள். "நன்றாகவே வெல்டிங் செய்திருக்கிறோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

இன்னொரு மாற்றம் கண்ணில் படாது. மேல்தளத்தின் தரை இப்போது வண்டியின் கூரையாகிவிட்டது. தரையாக இருப்பதற்கென்று செய்த ஒன்று மழையையும் வெயிலையும் தாங்க வேண்டியிருக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரே காரணத்தால் வருபவை.

சீசன் நான்கைந்து மாதம்தான். மீதி மாதங்களில் ஷெட்டில் பூட்டி வைத்துவிட்டால் போதாதா?

போதாது. ஓடும்போது கெடுவதைவிட நிற்கும்போதுதான் இந்த வண்டிகள் அதிகம் கெடுகின்றன. கடைசி டிரிப் முடிந்த வாரத்திலேயே அடிப்பகுதி உட்பட முழுதாகக் கழுவி, இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். கடற்கரையில் ஓடிய வண்டி என்றால் இதில் சமரசமே கூடாது, உப்பு ஓய்வெடுக்காது. காயாத வண்டியின்மேல் தார்ப்பாயை நேராகப் போர்த்துவது இன்னும் மோசம். அடியில் வேர்த்து, போர்த்தாமல் விட்டதைவிட வேகமாகத் துரு ஏறும். இருக்கைகளுக்கு மேலே ஒரு சட்டம் கட்டி, காற்று புகும்படி தார்ப்பாயை உயர்த்திக் கட்டுங்கள்.

பேட்டரிக்கு வருவோம். பஸ்களில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். சாவியை எடுத்த பிறகும் கேமரா பதிவுப் பெட்டி, டிக்கெட் கருவி, கடிகாரம் போன்றவை சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். இணைப்பைக் கழற்றிவிட்டு மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் ஜோடி ஏறக்குறைய 25.4 வோல்ட் காட்டும், 24.5க்கு இறங்கிவிட்டால் சார்ஜ் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். டீசல் டாங்கியை நிரப்பியே நிறுத்துங்கள். காலி இடத்தில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, சீசனின் முதல் வாரத்தில் கறுப்புக் கூழாக வந்து ஃபில்டரை அடைக்கும். புகைக் கட்டுப்பாட்டுக்கு ஊற்றும் யூரியா கரைசலை வெயிலில் வைக்காதீர்கள். அது 32.5 சதவீதம் யூரியா. மைனஸ் 11 டிகிரியில் உறையும், சூட்டில் கெடும். போன சீசனின் மீதியை நம்பி ஓட்டாதீர்கள்.

பிரேக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காற்றழுத்த பிரேக் வண்டியில் நிறுத்து பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பதுதான் காற்று. "பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் நிறுத்தினேன்" என்பார்கள். சில நாளில் காற்று கசிந்து குறைந்ததும் ஸ்பிரிங் தானாகவே பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் பிடித்தபடி நின்றால் பிரேக் ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிவிடும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, மெக்கானிக்கைக் கொண்டு ஸ்பிரிங்கை அதற்கான போல்ட்டால் பூட்டிவைக்கலாம். இல்லையென்றால் சில வாரங்களுக்கு ஒருமுறை வண்டியை நகர்த்தி நிறுத்துங்கள். டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாவதும் அதனால் தவிரும்.

மாதம் ஒருமுறை இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டால்?

அதற்குச் சும்மா இருக்கலாம். ஐந்து நிமிடத்தில் இன்ஜின் சூடாகாது. எரிதலில் உண்டாகும் நீர் ஆயிலிலும் புகைக்குழாயிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூட பேட்டரிக்குத் திரும்பாது. முழுச் சூடு ஏறும்வரை, அதாவது அரைமணி நேரமாவது சாலையில் ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள். முடியாதென்றால் தொடாதீர்கள்.

ஒரு பாதைக்கு எத்தனை வண்டி வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தோடு முனையில் நிற்கும் நேரத்தைக் கூட்டி, இரண்டு வண்டிகளுக்கு நடுவே எத்தனை நிமிடம் விட நினைக்கிறீர்களோ அதனால் வகுக்க வேண்டும். சுற்று 90 நிமிடம், நிற்பது 10 நிமிடம், 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் 100ஐ 20ஆல் வகுத்து 5.

நெரிசல் நாளில் அதே சுற்று 110 நிமிடம் ஆகும். 5 வண்டியை வைத்துக்கொண்டு 20 நிமிடத்துக்கு ஒன்று என்று பலகையில் எழுதியிருந்தால், எந்தத் திறமைசாலியாலும் அதைக் காப்பாற்ற முடியாது. இடைவெளி 24 நிமிடமாகும், அல்லது இரண்டு வண்டிகள் ஒட்டிக்கொண்டு வந்து அடுத்து நாற்பது நிமிடம் எதுவும் வராது. ஆகவே கூட்ட நாளின் சுற்று நேரத்தை வைத்தே கணக்கிடுங்கள். முனையில் நிற்கும் 10 நிமிடத்தைத் தண்டம் என்று வெட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். தாமதத்தை விழுங்க உங்களிடம் இருப்பது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான்.

ஐந்து வண்டி ஓடும்போது ஆறாவது சும்மா நிற்கிறது. அதை விற்றுவிடலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் அரசு நிதியில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட பஸ்களை ஓட்டும் அமைப்புகளுக்கு, உபரி வண்டிகள் உச்ச நேரத் தேவையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வழிகாட்டு நெறி உண்டு. உபரியை நிறையச் சேர்க்காதே என்று சொல்லும் அந்த விதிகூட ஐந்துக்கு ஒன்று என்ற அளவை ஏற்கிறது. வருடம் முழுதும் ஓடும் பஸ் மூன்று நாள் படுத்தால் 362 நாள் மிச்சம். உங்களுக்கு இருப்பதே 120 நாள். அதிலும் வருமானம் தரும் வார இறுதி நாட்கள் ஏறக்குறைய முப்பத்தைந்துதான்.

முடிந்தவரை எல்லா வண்டிகளும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். உபரி வண்டியிலிருந்து ஒரு ஆல்டர்னேட்டரை, அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவியை, கழற்றி மாட்டி, மாலை டிரிப்பைக் காப்பாற்றிய நாட்கள் எனக்கு உண்டு. மேல்தளத்தின் முன்கண்ணாடி, பக்கத் தடுப்புக் கம்பி போன்றவை கடையில் கிடைப்பவை அல்ல. சீசனுக்கு முன்பே ஒவ்வொன்று செய்து வைத்துவிடுங்கள்.

மேல்தளம் நிறைந்து வழிகிறது, கீழே காலி. மொத்த இருக்கைக் கணக்கில் டிக்கெட் விற்றால் சண்டை வருகிறதே?

வரத்தான் செய்யும். வெயிலும் காற்றும் வேண்டித்தான் அவர் காசு கொடுத்தார். அவரைக் கீழே உட்காரச் சொன்னால் சாதாரண பஸ்ஸில் ஏற்றிவிட்டதாகவே நினைப்பார். நல்ல வானிலையில் உங்கள் வண்டியின் கொள்ளளவு மேல்தள இருக்கைகள் மட்டும்தான். மேலே 45 என்றால் 45 டிக்கெட் விற்றுவிட்டு, கீழ்தளத்தை முதியவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிகளுக்கும் விடுங்கள். வருமானக் கணக்கையும் அந்த 45ஐ வைத்தே போட வேண்டும். மொத்த இருக்கையில் கணக்குப் போட்டுக் கடன் வாங்கியவர்கள் இரண்டாம் சீசனைப் பார்ப்பது அரிது.

இடையிடையே இறங்கி ஏறும் டிக்கெட் என்றால் சிக்கல் கூடும். முதல் நிறுத்தத்தில் 45ஐயும் நிரப்பிவிட்டால் மூன்றாம் நிறுத்தத்தில் காத்திருப்பவர் கையில் டிக்கெட்டோடு நிற்பார். நான் காலை முதல் மூன்று வண்டிகளில் ஐந்தாறு இடம் காலியாகவே அனுப்புவேன். கவுன்டர்காரர் முறைப்பார், அனுப்பிவிடுவேன்.

எல்லோரும் மேலே, கீழே யாருமே இல்லை. வளைவில் கவிழ்ந்துவிடாதா?

முறையாகக் கட்டிய வண்டி கவிழாது. பிரிட்டனில் டபுள் டெக்கரின் மேல்தளத்தில் மட்டும் பயணிகளின் எடையை ஏற்றி, கீழ்தளத்தைக் காலியாக விட்டு, 28 டிகிரி வரை சாய்த்துச் சோதிப்பார்கள். அதுவரை கவிழாமல் தாங்க வேண்டும். இன்ஜின், அச்சுகள், சட்டகம் என்று கனமானதெல்லாம் கீழேதான் இருக்கிறது. கூரை போனதால் மேலே இருந்த எடையும் குறைந்திருக்கிறது.

நான் அஞ்சுவது வண்டி விழுவதை அல்ல, ஆள் விழுவதை. 28 டிகிரியைத் தாங்கும் வண்டியில், நின்றுகொண்டிருக்கும் ஒருவரைத் தடுப்புக் கம்பிக்கு வெளியே தள்ள ஒரு சாதாரண பிரேக் போதும்.

உட்காருங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் படம் எடுக்க எழுந்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

பொதுவான அறிவிப்பு காதில் ஏறாது. "எழுந்து நிற்காதீர்கள்" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும் குரலை மூன்றாம் முறைக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. இடத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்: "அடுத்து வலது வளைவு, அதன்பின் தாழ்ந்த கிளைகள், உட்கார்ந்துகொள்ளுங்கள்." காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் உட்காருவார்கள். எங்கே எழுவார்கள் என்பதும் ஊகிக்கக்கூடியதுதான். நல்ல காட்சி வரும் அந்த நான்கைந்து இடங்களில், பாதுகாப்பாக ஒதுங்க வழி இருந்தால், ஒரு நிமிடம் முழுதாக நிறுத்திவிடுங்கள்.

மேல்தளத்தைக் காட்டும் கேமரா ஓட்டுநருக்கு உதவும், ஆனால் அவர் பார்க்க வேண்டியது சாலையை. கூட்ட நாட்களில் மேலே ஒரு நடத்துநர் வேண்டும். கடைசி ஆள் உட்கார்ந்ததும் அவர் மணி அடிக்கட்டும்; மணி கேட்காமல் வண்டி நகரக் கூடாது. படிக்கட்டில் கால் வைத்திருக்கும்போது வண்டி கிளம்பி விழுந்தவர்களே நான் பார்த்த காயங்களில் அதிகம்.

பாதையில் 4.5 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம். கூரையே இல்லாத வண்டி தாராளமாகப் போகுமே?

வண்டி போகும். ஆட்கள்? மேல்தளத்தின் தரை சாலையிலிருந்து 2.4 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டியை நீங்களே அளந்துகொள்ளுங்கள். அதன்மேல் 1.8 மீட்டர் உயரமுள்ளவர் எழுந்து நின்றால் தலை 4.2 மீட்டரில் இருக்கும். கையை உயர்த்திப் படம் எடுத்தால் இன்னும் அரை மீட்டர்: 4.7. மூடிய பஸ்ஸில் தவறு நடந்தால் தகரம் கிழியும், சத்தம் கேட்கும். இதில் வண்டிக்கு ஒரு கீறல்கூட விழாது. கீழே இருக்கும் ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே உயரத்தைத் தகரத்திலிருந்து கணக்கிடாமல் உயர்த்திய விரல் நுனியிலிருந்து கணக்கிட்டு, மேலே கொஞ்சம் இடமும் விடுங்கள். பலகையில் எழுதிய எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். சாலைக்கு மறுபடி தார் போட்டால் பாலம் தாழ்ந்ததாகவே பொருள்.

வழக்கமான பஸ் பாதையில்தான் ஓட்டுகிறோம். மரக்கிளைகளைத் தனியாகப் பார்க்க வேண்டுமா?

உயரமான வண்டிகள் தினமும் ஓடும் பாதையில் கிளைகள் தாமாகவே உரசி ஒடிந்து ஒரு குகைபோல வழி ஆகிவிடும். சாதாரண பஸ் மட்டும் ஓடும் பாதையில் அந்தக் குகை உங்களுக்குத் தேவையான உயரத்துக்கு இருக்காது. சீசனுக்கு முன் ஒருவர் மேல்தளத்தில் உட்கார்ந்துகொண்டு, அளந்து குறியிட்ட கம்பை நிமிர்த்திப் பிடித்தபடி முழுப் பாதையையும் நடை வேகத்தில் சுற்றி வர வேண்டும். மின்கம்பிகள் இருக்கும் இடத்தில் கம்பை இறக்கிவிட்டுக் கண்ணாலேயே பார்க்கட்டும். வெயில் நாளில் கம்பி தொய்யும்.

மழைக்குப் பிறகு மறுபடி ஒரு சுற்று. நேற்று எட்டாத கிளை நனைந்த இலைகளின் கனத்தில் இன்று முகத்துக்கு நேராகத் தொங்கும். புயல் அடித்த மறுநாள் பயணிகள் இல்லாமல் ஒரு சுற்று போகாமல் முதல் டிக்கெட்டை விற்காதீர்கள்.

நடுவழியில் மழை வந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

தருவதும் தராததும் உங்கள் முடிவு. டிக்கெட் வாங்கும்முன் அது வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மறுநாளும் அதே டிக்கெட் செல்லும் என்று அச்சிட்டுவிடுவது என் வழக்கம். பெரும்பாலானோர் பணம் கேட்பதில்லை. வெயிலில் ஒரு சுற்றுத்தான் கேட்கிறார்கள்.

இடி மின்னல் வேறு விஷயம். மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். 30 நொடிக்குள் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மேல்தளம் காலியாக வேண்டும். உலோகத்தால் மூடிய கீழ்தளம் நல்ல பாதுகாப்பு, ஆனால் முந்தைய ஒரு பதிலில் சொன்ன 45 டிக்கெட் கணக்கைக் கடைப்பிடித்தால்தான் எல்லோருக்கும் அங்கே இடம் இருக்கும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரையும் மேலே விடாதீர்கள். அந்த அரைமணி நேரத்தில் வானம் பளிச்சென்று தெளிந்து, உங்களை எல்லோரும் பயந்தாங்கொள்ளி என்பார்கள். சொல்லட்டும்.

மழை நின்று ஒரு நாள் ஆகியும் கீழ்தளக் கூரையில் சொட்டுகிறது. எங்கே ஓட்டை?

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பது அபூர்வம். ஒருமுறை ஐந்தாம் வரிசையில் சொட்டிய நீருக்காக மூன்று நாள் அலைந்தேன். ஐந்தாம் வரிசையின் எல்லா இணைப்புகளுக்கும் பசை பூசியாயிற்று, நிற்கவில்லை. கடைசியில் மேல்தளத்தின் பின்மூலையில் வடிகால் துளைக்குள் கம்பியை விட்டுக் குடைந்தபோது, நான்காக மடித்த டிக்கெட் ஒன்றும் ஒரு கைப்பிடி மக்கிய இலையும் வந்தன. நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, பின்னிருக்கையின் போல்ட் துளை வழியாக இறங்கி, தரைக்கும் கீழ்தள உட்கூரைக்கும் நடுவே வண்டியின் பாதி நீளம் ஓடி ஐந்தாம் வரிசையில் சொட்டியிருக்கிறது.

மேல்தளத் தரையைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இருக்கை போல்ட்டும் ஒரு சாத்தியமான ஓட்டைதான். முதலில் வடிகால்களைச் சுத்தம் செய்யுங்கள். சீசனில் இது தினசரி வேலை. பிறகு தரையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சாயம் கலந்த நீரை ஊற்றி அரைமணி நேரம் காத்திருந்து கீழே பாருங்கள். ஒட்டுப்பலகைத் தரையை வெறுங்காலால் மிதித்து நடந்தால், மெத்தென்று அமுங்கும் இடத்தில் ஏற்கெனவே மக்கத் தொடங்கிவிட்டது என்று தெரிந்துவிடும்.

நல்ல ஓட்டுநர்கள் சீசனுக்குச் சீசன் திரும்பி வருவதில்லை. என்ன செய்யலாம்?

அடுத்த சீசன் தொடங்கும் தேதியை இந்தச் சீசன் முடியும் முன்பே சொல்லிவிடுங்கள். பலர் போய்விடுவது சம்பளத்தால் அல்ல, நிச்சயம் இல்லாததால். இரண்டாவது பதிலில் சொன்ன ஓய்வுக்கால வேலைகளில் ஒன்றிரண்டு பேருக்கு இடம் கொடுக்கலாம். வடிகாலைக் கையால் குடைந்த ஓட்டுநர் அதன்பின் டிரிப் முடிந்ததும் தானே மேலே ஏறிப் பார்ப்பார்.

புதிதாக வருபவருக்கு என் பயிற்சியின் முதல் பாடம், ஸ்டியரிங்கைத் தொடவிடாமல் மேல்தளத்தின் கடைசி வரிசையில் உட்காரவைத்து முழுச் சுற்று அழைத்துப் போவது. கீழே லேசாகத் தெரியும் வேகத்தடை அங்கே இருக்கையிலிருந்து தூக்கிப் போடும். இருபது வருட அனுபவசாலிகளும் இறங்கி வரும்போது கொஞ்சம் மௌனமாகத்தான் வருவார்கள்.

மின்சார வண்டி வாங்கலாமா?

மெதுவான வேகம், அடிக்கடி நிறுத்தம், தெரிந்த தூரம் என்று இந்த ஓட்டம் மின்சாரத்துக்குப் பொருந்துகிறது. விளக்கக் குரல் இன்ஜின் சத்தமில்லாமல் கேட்கும். பின்வரிசையில் புகை நாற்றம் இருக்காது. ஆனால் விலை உயர்ந்த வண்டி வருடத்தில் பாதிக்கு மேல் நிற்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஒற்றைத் தள மின்சார பஸ்கள் பலவற்றில் பேட்டரி கூரையில் இருக்கும். இங்கே கூரை இல்லாததால் அது கீழ்தள இடத்தைத் தின்னும்.

ஓய்வு மாதங்களில் லித்தியம் பேட்டரியை முழுச் சார்ஜிலும் வைக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள்; பாதியளவில் வைப்பது நல்லது. துணைக் கருவிகளுக்கான பழைய மாதிரி சிறு பேட்டரி இந்த வண்டிகள் பலவற்றிலும் உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால், அத்தனை பெரிய பேட்டரி இருந்தும் வண்டி கண் விழிக்காது.

வண்டியை எப்போது ஓய்வு பெறவைக்க வேண்டும்?

வயதைப் பார்க்காதீர்கள், பக்கத் தூண்களின் அடியைப் பாருங்கள். மேல்தளத்தின் பக்கச் சட்டம் தரையோடு சேரும் மூலைகளில்தான், முதல் பதிலில் சொன்ன முறுக்கும் மழைநீரும் சந்திக்கின்றன. பெயின்டில் தலைமுடி போன்ற கோடு தெரிந்தால் சுரண்டிப் பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். ஓரிரண்டு தூண்கள் என்றால், அரித்ததை முழுதாக வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம். மேலே ஒரு தகடு ஒட்டிப் பெயின்ட் அடிக்க அனுமதிக்காதீர்கள்.

வரிசையாக நான்கைந்து தூண்கள் மந்தமாக ஒலித்தால் அந்த வண்டியில் இனி ஆள் ஏற்றக் கூடாது. நல்ல இருக்கைகளையும் முன்கண்ணாடியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றி எண் எழுதி அடுக்கிவிட்டு, மீதியை இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.